ஆட்சேபணை இல்லை

காலைச் சித்தெ அந்தப் பக்கம் நகத்திக்குங்க தம்பி. அந்தச் சாக்குமேல உங்க கால் படுது, அதுக்குத்தான் சொல்றேன். கடப்பாரை இல்லீங்க அது. துப்பாக்கி.

பயந்துக்காதீங்க. தோட்டா தனியா இந்த மஞ்சப்பைக்குள்ள இருக்குது. லைசென்சும் இருக்குது, வேணும்னா காட்டறேன். கண்டக்டர் கேட்டதுக்கு மோட்டார் ராடுன்னு சொல்லிப்போட்டேன். நீங்க பக்கத்துலயே உக்காந்துட்டீங்க, பாத்தாப் படிச்சவராத் தெரியுது, உங்ககிட்டப் பொய் சொல்லக்கூடாதல்லங்க. வாத்தியாருங்களா? எலக்சன் டூட்டிக்கு ட்ரெயினிங்கா? அப்ப நீங்களும் நானும் ஒரே வேலையாத்தான் போறோம். எலக்சன் தேதியச் சொல்லிப்போட்டா, லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கறவன் எல்லாம் கொண்டுபோய் ஸ்டேசன்ல ஒப்படைச்சுரோணும். ரிசல்ட்டு வந்தப்பறந்தான் திருப்பித் தருவாங்க. அதுவரைக்கும் திருடன் வரக்கூடாதுன்னு அவனுக்கு யாரும் நோட்டீஸ் குடுக்கறதில்ல. எனக்குத்தான் குடுக்கறாங்க.

எந்த ஊருங்க உங்களுக்கு? நாகப்பட்டணம் பக்கமா. அப்ப எங்க பக்கத்துத் தோட்டத்து ஊடெல்லாம் உங்களுக்குப் புரியாது. உங்க ஊருல தெருவுன்னா ஊடு ஒட்டி ஒட்டி இருக்கும், ஒருத்தன் தும்முனா பத்துப் பேருக்குக் கேக்கும். இங்க அவனவன் தோட்டத்துக்கு நடுவுல அவனவன் ஊடு. சுத்தி வேலி. எங்களுக்குப் பக்கத்துல இருக்கறது ஒரே ஊடு, எங்க அண்ணன் அங்கமுத்து ஊடு. அதும் வேலிக்கு அக்கட்ட. அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. பதினோரு வருசமாச்சு.

எதுக்குன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, சொல்லிப்போடறேன். அவங்க புள்ளை கல்யாணப் பத்திரிகையில என்ற பேரு இல்லீங்க. சித்தப்பன்னு நான் ஒருத்தன் உசுரோட இருக்கறேன். தாய்மாமன் பேரு இருக்குது, தாய்மாமன் மவன் பேரு இருக்குது, அமெரிக்காவுல இருக்கற எவனோ பேரு இருக்குது. சென்னியப்பன்னு ஒரு பேரு மட்டும் இல்ல. அண்ணங்கிட்டக் கேட்டா, அச்சாபீஸ்ல உட்டுப்போட்டாங்கன்னாரு. ஏனுங்க, அச்சாபீஸ்காரனுக்கு என்ற பேரு மட்டும் கண்ணுக்குத் தெரியாதா? அன்னைக்குச் சாயங்காலமே வேலாமுள்ளு வெட்டியாந்து கடவை அடைச்சுட்டேன். கடவுன்னா வேலிக்கு நடுவுல ஆளு நுழைஞ்சு போறதுக்கு உட்டிருக்கற சந்துங்க. எங்கப்பன் உட்ட கடவு அது. அதுக்குள்ளதான் எங்க ரெண்டு ஊட்டுக் கொழம்பும் போயிட்டு வந்துட்டு இருந்துச்சு. அடைச்சுட்டேன். ரோசம்னு ஒண்ணு வேணுமல்லங்க மனுசனுக்கு.

என்ற ஊட்டுக்காரி பேரு தெய்வாத்தா. அவளுக்காகத்தான் இத்தனையும் பண்ணுனது. இதை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்குங்க தம்பி, ஏன்னா பொறவு கேக்கறவங்க எல்லாரும் இதை மறந்துபோடறாங்க.

போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆரம்பிச்சுதுங்க. ஒரு தோட்டத்துல வயசானவங்க ரெண்டு பேரைக் கட்டிப்போட்டு, கழுத்துல காதுல கெடந்ததைக் கழட்டிட்டுப் போனாங்க. அடுத்த மாசம் இன்னொரு தோட்டத்துல. அங்க கட்டிப்போட்டதோட நிக்கல. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அந்தக் கட்டலு, அந்தச் செவுரு, அந்தக் காலண்டரு, அப்படியே எங்கூடு மாதிரியே இருந்துச்சு. அதைப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. தெய்வா பேப்பரைப் பாத்துட்டு, "பாவம் அந்தப் புள்ளைங்க, இனி யாரைப் போய்ப் பாக்கும்"னு சொல்லிப்போட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா. அவளுக்குப் பயமே தெரியாது. தெரியாதவங்களுக்கும் சேத்து நாமதானுங்களே பயப்படோணும்.

பையன் மோகன் ஆஸ்திரேலியாவுல இருக்கறான். தோட்டத்தைக் குத்தகைக்கு உட்டுட்டு டவுனுக்குப் போங்கன்னான். போயி? நாலு செவுத்துக்குள்ள உக்காந்துட்டு டிவி பாக்கறதா? முடியாதுன்னேன். சரி, அப்ப துப்பாக்கி வாங்குங்கப்பான்னுட்டான். வெளையாட்டுக்குத்தான் சொன்னான்னு இப்பச் சொல்றான். ஆனா நான் புடிச்சுக்கிட்டேன்.

அப்பப் பாருங்க, எந்தத் துப்பாக்கிங்கறதுல வந்து நின்னுச்சு. லைசென்சுக்கு எழுதிப் போடறப்பவே எந்த மாதிரின்னு சொல்லிரோணும். நெனைச்சா மாத்திக்க முடியாது. மோகன் கைத்துப்பாக்கிதான்னான். தெனம் ஒரு வீடியோ அனுப்புவான், வெள்ளைக்காரன் ஒருத்தன் கதவு மூலையில நின்னு இப்படித் திரும்பி அப்படித் திரும்பி வெளக்குவான். சின்னது, தலையணைக்கடியில வெச்சுக்கலாம், ஒரு கையில புடிக்கலாம், ஊட்டுக்குள்ள சந்து பொந்துல திரும்பறதுக்கு ஆவும்னு இவன் தமிழ்ல சொல்லுவான். தெய்வாவோட தம்பி வெள்ளியங்கிரி இருக்கறான் பாருங்க, அவன் வேற கட்சி. ரெட்டைக்குழல் துப்பாக்கிதான்னான். நீளத் துப்பாக்கி, ரெண்டு குழலு, ரவை சிதறிப் போகும். குறி பாக்க வேண்டியதில்ல, சும்மா அந்தத் தெசைக்குத் திருப்புனாப் போதும்னான். எனக்கு ஒரு கண்ணுல ஆபரேசன் ஆகி லென்சு வெச்சிருக்குது, இன்னொண்ணுல இன்னும் ஆகல. அதைச் சொல்லித்தான் என்னை மடக்குனான். அதுவுமில்லாம, "கைத்துப்பாக்கிய யாருக்கு மச்சா தெரியும்? ரெட்டைக்குழலைத் தோள்ல போட்டுட்டு ஒருக்கா சந்தைக்குப் போயிட்டு வாங்க, அப்பறம் எவன் வர்றான்னு பாப்போம்"ன்னான். அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. உள்ளதைச் சொல்லோணுமல்ல.

ஆனாலும் மனசு நெலையா நிக்கலீங்க. காலையில கைத்துப்பாக்கிம்பேன், பொழுதோட ரெட்டைக்குழல்ம்பேன். எட்டு மாசம் இப்படியே போச்சு. கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தப்பக்கூட இத்தனை ரோசனை பண்ணல. தெய்வாவுக்கு எது ஆவும்னு பாக்கறதுக்காக ஒரு நாள் அவளை வாசல்ல நிறுத்தி, ஒலக்கையக் கையில குடுத்தேன். இது ரெட்டைக்குழல்னு வெச்சுக்க, தோள்ல வெச்சு நீட்டிப் புடின்னேன். பொறவு வெத்தலைப் பொட்டியக் குடுத்து, இது கைத்துப்பாக்கின்னு வெச்சுக்கன்னேன். ரெண்டையும் புடிச்சா, பாவம். ஒலக்கைய நீட்டிப் புடிச்சுட்டு நின்ன வாக்குலயே கேக்கறா.

"மாமா, வர்றது யாருன்னு பாத்துட்டுச் சுடோணுங்களா, சுட்டுப்போட்டுப் பாக்கோணுங்களா?"

சிரிச்சுட்டேன் நானு. பொம்பளை கேக்கற கேள்வியப் பாருன்னு வெள்ளியங்கிரிகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். ஒலக்கையக் கீழ வெச்சுட்டு அவ இன்னொண்ணும் சொன்னா. கடவைத் தொறந்து உட்டா ஒரு சத்தம் போட்டாப் போதும், பெரியவரு வந்துருவாருன்னா. அண்ணனை அவ பெரியவருன்னுதான் சொல்லுவா. நான் துப்பாக்கியப் பத்திப் பேசறேன், இவ கடவைப் பத்திப் பேசறா. கோவம் வந்துருச்சு எனக்கு. மக்காநாள் விடிஞ்சதும் போயி, முள்ளுக்கு மேல முள்ளுக்கம்பி ரெண்டு சுத்து சுத்திப்போட்டு வந்தேன். திருடன் அந்த வழியா வந்துட்டான்னா?

கடைசியில ரெட்டைக்குழல்தான்னு முடிவாச்சுங்க. வெள்ளியங்கிரி லைசென்சுக்குப் பாரம் வாங்கியாந்தான், அவனே உக்காந்து எழுதினான். பேரு, வயசு, நெலம் எத்தனை ஏக்கரு, எல்லாம் வெரசா எழுதிட்டு வந்தவன் ஒரு கட்டத்துல நின்னுட்டான். உசுருக்கு ஆபத்து இருக்குதா, இருந்தா யாராலன்னு ஒரு கட்டம். திருடன்னு எழுதுடான்னேன். அவன் பேனாவை வெச்சுட்டு என்னைப் பாத்தான்.

"பேரில்லாத பயத்துக்கெல்லாம் லைசென்சு தரமாட்டாங்க மச்சா. ஒரு பேரு வேணும்."

எனக்கு யாருங்க விரோதி? நானு உண்டு என்ற தோட்டம் உண்டுன்னு கெடக்கறவன். ரோசனை பண்ணிப் பாத்தேன். பேச்சுவார்த்தை இல்லாத ஆளு ஒருத்தருதான் எனக்கு இருக்கறாரு. வெள்ளியங்கிரியும் அதையேதான் நெனைச்சிருப்பானாட்ட இருக்குது, என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருந்தான். நாந்தான் சொன்னேன், எழுதிக்கன்னு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அங்கமுத்து, வேலித் தகராறு, உயிருக்கு ஆபத்து. அவ்வளவுதான் எழுதினான். கையெழுத்துப் போட்டேன்.

எழுத்துக்குத்தானுங்க தம்பி. அண்ணன் வந்து என்னை வெட்டப்போறாருன்னு நானு நெனைச்சனா? சின்னதுல என்னை முதுகுல தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனவரு அவரு. பாரத்துல ஒரு கட்டம் இருந்துச்சு, அதை ரொப்போணும், ரொப்புனோம். நீங்க வாத்தியாரு, எத்தனை பாரம் ரொப்பியிருப்பீங்க. எல்லாத்துலயும் நெசத்தையா எழுதறீங்க?

தெய்வாகிட்டச் சொல்லல. சொன்னாப் புரிஞ்சுக்கமாட்டா.

ஆனா பாருங்க, ஸ்டேசன்ல இருந்து ஏட்டு விசாரிக்க வந்துட்டாரு. அக்கம்பக்கத்துல கேக்கோணுமாமா. எனக்கு அக்கம்பக்கம்னா யாரு இருக்கறா? நேரா அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டாரு. நானு மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால நின்னு முள்ளுச் சந்துல பாத்துட்டு இருக்கறேன். ஏட்டு அந்தப் பாரத்தைக் காட்டறாரு. அண்ணன் உள்ள போயிக் கண்ணாடி எடுத்தாந்து போட்டுட்டுப் படிக்கறாரு. படிச்சு முடிச்சுட்டு மறுக்காப் படிக்கறாரு. பொறவு தலையத் தூக்கி எங்க பக்கம் பாத்தாரு. நான் நிக்கறது தெரிஞ்சுதா என்னமோ, தெரியல. ஏட்டுகிட்டப் பேனா வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு.

என்ன எழுதியிருக்கறாருன்னு ஏட்டே வந்து காட்டுனாரு. தம்பி சென்னியப்பனுக்குத் துப்பாக்கி குடுக்கறதுல எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லைன்னு எழுதியிருக்குது. கொண்டை கொண்டையா அவரு எழுத்து. ஏட்டு வேற, உங்கண்ணன் தங்கமான மனுசருங்க, அவன் பயந்த சுபாவம், குடுத்துருங்கன்னு சொன்னாருங்கன்னு சொல்லிப்போட்டுப் போறாரு. பயந்த சுபாவமாமா! போலீஸ்காரங்கிட்டச் சொல்ற பேச்சா இது? பெரிய மனசு பண்ணுன மாதிரி காட்டிக்கிட்டு, என்னைக் கேவலப்படுத்திப்போட்டாரு. அன்னைக்கு முழுக்க எனக்கு ஆறவே இல்லீங்க.

லைசென்சு வந்துச்சு. கோயமுத்தூர்ல ஒரு கடையில சொல்லி வெச்சிருந்தோம், வந்து எடுத்துக்கச் சொல்லிப் போன் பண்ணுனாங்க. அது ஆவணி மாசம். நானும் வெள்ளியங்கிரியும் காலையில கெளம்பினோம். தெய்வா தனியா இருக்கறாளேன்னு கேட்டைப் பூட்டிச் சாவிய என்ற ஜோப்புல போட்டுக்கிட்டேன். பாதுகாப்புக்குத்தானுங்களே. வெளியில இருந்து எவனும் வரமுடியாதல்ல.

கடையில அந்த ஆளு ரெட்டைக்குழலை எடுத்து மேசைமேல வெச்சான். பக்கத்துலயே கண்ணாடிக்குள்ள கைத்துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு. கருப்பா, அடக்கமா, கோழிக்குஞ்சு மாதிரி. எனக்கு அப்பவும் சபலந்தான். அதைக் கொஞ்சம் காட்டுங்கன்னேன். அய்யா உங்க லைசென்சு இதுக்கு இல்லீங்களேன்னான். சரின்னுட்டு ரெட்டைக்குழலைத் தூக்கிட்டு வந்தேன்.

இட்டேரி முக்குல, அதான் வேலிக்கு நடுவுல எங்க தோட்டத்துக்கு மண்தடம் பிரியற எடத்துல, வெள்ளியங்கிரி என்னைக் காருல இருந்து எறக்கி உட்டுட்டுப் போயிட்டான். அப்ப மணி மூணரை இருக்கும். தோள்ல துப்பாக்கியோட நடந்து வர்றேன். யாராச்சும் பாப்பாங்கன்னு பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. கேட்டைத் தொறந்து உள்ள நொழையறேன், கடவுல அடைச்சிருந்த முள்ளைக் காணமுங்க. கம்பி வெட்டிக் கெடக்குது, முள்ளை இழுத்து வாசல் முட்டப் போட்டிருக்குது. ஊட்டுக் கதவு தொறந்து கெடக்குது. தெய்வான்னு கூப்பிடறேன், சத்தமில்ல. கட்டுத்தறிப் பக்கம் ஒரு ஆளு குனிஞ்சு நிக்கறான், முதுகுதான் தெரியுது, அவனுக்கு முன்னால இருக்கறதைக் கொட்டாயி மறைச்சிருக்குது. கீழ அருவா கெடக்குது. கையெல்லாம் ரத்தம்.

பேப்பர்ல பாத்த போட்டோதான் என்ற கண்ணுக்கு முன்னால வந்து நின்னுச்சு. துப்பாக்கிய எடுத்தேன். தோட்டாப் பொட்டியப் பிரிக்கறதுக்குள்ள ரெண்டு கீழ உழுந்துருச்சு. நீட்டிப் புடிச்சு, எவன்டா அதுன்னேன். குண்டு போடாத துப்பாக்கிங்க அது. சத்தியமா. அட, போட்டனா போடலையான்னு அப்ப எனக்கே தெரியாதுங்க. ராத்திரிதான் தொறந்து பாத்தேன், ஒரு குழல்ல இருந்துச்சு.

அந்த ஆளு திரும்புனான். எங்க அண்ணன்.

தெய்வா மாட்டுத்தண்ணித் தொட்டியோரம் பாசியில வழுக்கி உழுந்திருக்கறா. இடுப்பு எலும்பு போயிருச்சு. உழுகறப்ப மணி பன்னெண்டரை. போனு ஊட்டுக்குள்ள சார்ஜ்ல கெடக்குது. அவளும் தொண்டை போற வரைக்கும் கத்தியிருக்கறா, ஆனா அன்னைக்கு மூணு பேஸ் கரண்டு மத்தியானம் விட்டிருந்தாங்க, அண்ணன் தோட்டத்துல மோட்டாரு ஓடிட்டு இருந்திருக்குது. ரெண்டரைக்குக் கரண்டு நின்னு மோட்டாரு நின்னப்பறந்தான் சத்தம் கேட்டிருக்குது. கேட்டுக்கு ஓடியாந்தா பூட்டு. சாவி என்ற ஜோப்புல, நானு கோயமுத்தூர் ரோட்டுல. அப்பறம் கடவுக்கு வந்து கம்பிய வெட்டி முள்ளை அரிஞ்சு எடுத்திருக்கறாரு. எழுபத்திரண்டு வயசு அவருக்கு. கையில இருந்த ரத்தமெல்லாம் நான் போட்ட முள்ளு கிழிச்சது.

தெய்வாவைக் கயித்துக் கட்டல்ல எடுத்துப் போட்டிருந்தாங்க. அண்ணன் தலைமாட்டைப் புடிச்சுட்டு நிக்கறாரு, கால்மாட்டை அண்ணன் பொண்டாட்டி, எங்க நங்கையா, புடிச்சிருக்குது. அதுக்கே முழங்கால் வலி. அவங்க காரு வேலிக்கு அக்கட்ட நிக்குது. நான் நீட்டுன துப்பாக்கிய எறக்காம நிக்கறேன். எறக்கோணும்னு தோணல, கை மரம் மாதிரி நின்னுருச்சு. அண்ணன் குழலைப் பாத்தாரு. பதினோரு வருசம் கழிச்சு எங்கிட்டப் பேசறாரு.

"சுடறதுன்னா சுடு. அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறனே. மொதல்ல வந்து கட்டலை அந்தப் பக்கம் புடி."

கட்டல்ல கெடந்த தெய்வா, அந்த வலியிலயும், என்ன கையெழுத்துன்னா. அண்ணன் அதுக்குள்ள தலைமாட்டைத் தூக்கிட்டாரு.

புடிக்கத்தானுங்க போனேன். ஆனா துப்பாக்கிய எங்க வெக்கறது? கீழ பூராச் சேறும் சாணியும். புதுத் துப்பாக்கி, அன்னைக்குத்தான் வாங்கியாந்தது. தோள்ல மாட்டலாம்னா வாரு இன்னும் போடல. செவுத்துல சாத்தலாம்னு கொட்டாயிக்குப் போயி, சாஞ்சுதுன்னா வெடிச்சுருமேன்னு திரும்பி வந்து, ஊட்டுக்குள்ள வெக்கலாம்னு படியேறறேன். திரும்பிப் பாத்தா நங்கையா அந்தக் கால்மாட்டைத் தூக்கிட்டு, ரெண்டு எட்டுக்கு ஒருக்கா நின்னு நின்னு, கடவைத் தாண்டிருச்சு.

கைத்துப்பாக்கியா இருந்திருந்தா ஜோப்புல போட்டுட்டுக் கட்டலைப் புடிச்சிருப்பனுங்க. இதைத்தான் யாருகிட்டச் சொன்னாலும் ஒரு மாதிரிப் பாக்கறாங்க. நீங்களும் பாக்கறீங்க. மோகன் பேச்சைக் கேட்டிருக்கோணும், வெள்ளியங்கிரி பேச்சைக் கேட்டுக் கெட்டேன். அந்த ஒரு நிமிசந்தாங்க. அந்த ஒரு நிமிசம் எனக்கு ரெண்டு கையும் சும்மா இருந்திருந்தா, எல்லாமே வேற மாதிரி போயிருக்கும்.

ஈரோட்டுல ஆபரேசன் பண்ணித் தகடு வெச்சாங்க. நானு பக்கத்துலயேதான் இருந்தேன், இட்லி வாங்கியாந்து ஊட்டி உட்டேன். மூணாம் நாள் நங்கையா வெளியில போன நேரத்துல, என்ன கையெழுத்துன்னு மறுக்காக் கேட்டா. சொன்னேன். எழுத்துக்குத்தான் எழுதினோம்னு சொன்னேன். உன்ற தம்பிதான் எழுதினான்னும் சொன்னேன். மேல ஃபேனைப் பாத்துட்டே கேட்டா.

"அவங்க உங்க பேரை எழுதாம உட்டதுக்குப் பதினோரு வருசம் ஆச்சு. நீங்க அவங்க பேரை எழுதினதுக்கு எத்தனை வருசமுங்க மாமா?"

அவ அழுதிருந்தாக்கூட எனக்கு ஒண்ணும் தோணியிருக்காது. சும்மா, மாட்டுக்குத் தீவனம் எத்தனை நாளைக்கு வரும்னு கேக்கற மாதிரி கேட்டா. நானு இட்லித் தட்டைக் கழுவப் போயிட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கு அண்ணன் காரு அவங்க கேட்டுக்குள்ள திரும்பிருச்சு. நான் பின்னால ஆட்டோவுல வந்தேன். தெய்வா அங்கதான் எறங்கிக்கறேன்னு சொல்லியிருக்கறா. நாலு நாளைக்குன்னு நெனைச்சேன், ஏழு மாசமாச்சு. கடவு தொறந்துதான் கெடக்குது. யாரும் அடைக்கல, நானும் அடைக்கல. வெட்டிப் போட்ட முள்ளு அங்கயே காஞ்சு கெடக்குது. காலையில அவ அவங்க வாசல்ல அந்த நாலு கால் கம்பியப் புடிச்சுட்டு நடந்து பழகறது எனக்குத் தெரியும். மத்தியானம் கடவுக்கல்லு மேல ஒரு தூக்குப்போசி வந்து உக்காந்துருக்கும். சோறு, கொழம்பு. நானாக் கேக்கலீங்க. திங்காம இருந்தா மாத்திரை போடமுடியாது, திங்கறேன். கழுவிக் கல்லு மேல வெச்சுருவேன். அதுக்கு மேல ஒரு எட்டு வெச்சா அண்ணன் வாசலு. அந்த ஒரு எட்டு மட்டும் எனக்கு ஆவறதில்லீங்க. கால் வருது, மூஞ்சி வரமாட்டீங்குது. ராத்திரியானாக் கதவைச் சாத்திட்டுத் துப்பாக்கியப் பக்கத்துல வெச்சுட்டுப் படுத்துக்கறேன். எதைக் காக்கறேன்னு என்னைக் கேக்காதீங்க.

ஸ்டேசன் ஸ்டாப்புக்கு இன்னும் எத்தனை தூரமுங்க? சரி, நேரம் இருக்குது. ஒரு ஒத்தாசை பண்றீங்களா தம்பி? உங்க போன்ல ஒரு நம்பரு போட்டுக் குடுங்க. என்ற நம்பருன்னா அவ எடுக்கமாட்டா, நங்கையாதான் எடுக்கும். எனக்கு என்ன தோணுதுன்னா, அந்த ஊட்டுல துப்பாக்கி இருக்கறதுனாலதான் அவ வரமாட்டீங்கறா. இன்னைக்குப் போயிருச்சல்ல? ரெண்டு மாசத்துக்கு ஊட்டுல துப்பாக்கியே இல்ல. ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. நானு பக்கத்துல உக்காந்துட்டு இருக்கறேன்னு சொல்லீராதீங்க.

ரிங் போகுதுங்களா? அவளேதானா? சொல்லுங்க, சொல்லுங்க. துப்பாக்கிய ஸ்டேசன்ல ஒப்படைச்சாச்சு, இன்னைக்கே ஊட்டுக்கு வரலாமாமான்னு சொல்லுங்க.

என்னங்கறா? ரிசல்ட்டு வந்தப்பறம் துப்பாக்கி திரும்பி வந்துருமேங்கறாளா. அதை அப்பப் பாத்துக்கலாம்னு… வேண்டாம், வேண்டாம், அப்படிச் சொல்லாதீங்க. அவ பேசட்டும்.

என்ன? பாரமா? எந்தப் பாரம்? சித்தெ மெதுவாச் சொல்லுங்க, பஸ் எரைச்சல்ல கேக்கல.

வெச்சுட்டாளா.

மறுக்காச் சொல்லுங்க, அவ சொன்ன மாதிரியே. துப்பாக்கி அங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லைன்னாலும் ஒண்ணுதான். போற வாக்குல அந்தப் பாரத்துல இருக்கற பெரியவரு பேரை அடிச்சுட்டு வரச்சொல்லுங்க, அடிச்சுட்டாருன்னா நானே கடவு வழியா நடந்து வர்றேன். இவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலையா? நீங்க யாருன்னுகூடக் கேக்கலையா?

நான் பக்கத்துல இருக்கறது அவளுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க.

அடிச்சுடலாம். அடிக்கறதுக்கு என்ன, ஒரு கோடுதானே. ஆனா அந்தப் பேரை அடிச்சா லைசென்சுக்குக் காரணமே இல்லாமப் போயிரும், துப்பாக்கி திரும்பி வராது. அந்தத் தனிக்காட்டுல அவளைக் கூட்டியாந்து வெச்சுட்டு, வெறுங்கையோட நானு என்ன பண்ணுவேன்? பேரை அடிக்கலைன்னா துப்பாக்கி வரும், அவ வரமாட்டா. இதுக்கு ரெட்டைக்குழலா கைத்துப்பாக்கியான்னு எட்டு மாசம் முழிச்சதே தேவலாமாட்ட இருக்குது.

அடிச்சாலும் அந்தக் கட்டத்தைக் காலியா உடக்கூடாதுன்னு வெள்ளியங்கிரி அன்னைக்கே சொல்லிப்போட்டான். அங்கமுத்துங்கற பேரை எடுத்தா அங்க வேற ஒரு பேரு வேணும். எத்தனையோ ரோசனை பண்ணிப் பாத்துட்டேன். உங்களுக்குப் பாரமெல்லாம் பழக்கந்தானே, நீங்களே சொல்லுங்க. என்ற ஊட்டுல என்ற தெய்வாவுக்கு யாரால ஆபத்துன்னு எழுதறதுங்க?

ஸ்டாப்பு வந்துருச்சு. மஞ்சப்பைய நான் எடுத்துக்கறேன். இந்த நீளச் சாக்கை ஒத்தையாத் தூக்கிப் படியிறங்க ஆவாது. அந்தப் பக்கம் சித்தெ புடிங்க தம்பி.